தாய் வைத்த பெயர்: ஹரி பொட்டர் வரிசையை மீண்டும் வாசிக்கையில்

குளக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுவுக்கு அண்மையிலிருந்து எழுதுகிறேன். ஹரி பொட்டர் வரிசையின் ஏழு நூல்களையும் இவ்வாண்டு மீண்டும் முதலிலிருந்து வாசித்து முடித்தேன். என் முதல் வாசிப்பு துண்டு துண்டாகவே அமைந்தது. 2002-இல் ஏ9 வீதி திறந்த பிறகு, கொழும்பிலிருந்த உறவினர் ஒருவர் முதல் நான்கு நூல்களையும் ஒரே பையில் கொண்டுவந்து தந்தார். ஐந்தாவதும் ஆறாவதும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2006 ஓகஸ்ட்டில் வீதி மூடப்பட்டது. ஏழாவது நூல் 2007 யூலையில் வெளிவந்த செய்தியை வானொலியில் கேட்டோம், நூல் வரவில்லை. கையில் இருந்த ஆறும் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. ஏழாவதை நான் வாசித்தது 2013-இல். கதை எப்படி முடிகிறது என்று அறியும் அவசரத்தில் பெயர்களைப் பற்றி யோசிக்க எனக்கு அப்போது நேரமிருக்கவில்லை.

இம்முறை ஒரு கொப்பியை அருகில் வைத்துக்கொண்டு, வரும் பெயர்களையெல்லாம் எழுதிப் பொருள் தேடினேன். சில பெயர்கள் உடனே திறந்துகொண்டன. ரீமஸ் லூப்பின் என்ற ஆசிரியரின் பெயரில், லூப்பின் என்ற குடும்பப் பெயர் ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ரீமஸ் என்பவன் உரோமாபுரிக் கதையில் பெண் ஓநாயிடம் பால் குடித்து வளர்ந்த இரட்டையரில் ஒருவன். முழுநிலவில் ஓநாயாக மாறும் ஆசிரியருக்கு இதைவிட வெளிப்படையான பெயர் வைக்க முடியாது. செடிகொடிகளைப் பற்றிப் படிப்பிக்கும் ஆசிரியையின் குடும்பப் பெயருக்கு முளை என்று பொருள். இவ்வகைப் பெயர்கள் கண்டுபிடித்த கணத்தோடு முடிந்துவிடுகின்றன என்பதால் அவை என்னை அதிகம் பிடித்து வைக்கவில்லை.

என்னை நிறுத்தியது பிளாக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பலருக்கு விண்மீன்களின் பெயர். சிரியஸ் இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன். பெருநாய்க் கூட்டத்தில் இருப்பதால் நாய் விண்மீன் எனப்படுவது. அப்பெயருடையவர் கருநாயாக மாறுகிறார். பெலாட்ரிக்ஸ், நம் திருவாதிரைக்கு எதிர்த் தோளில் நிற்கும் விண்மீன். இலத்தீனில் போர்மகள் என்று பொருள். ஆனால் சிரியஸின் தம்பி ரெகுலஸின் பெயரில்தான் நான் ஒரு முழு மாலையைச் செலவிட்டேன். ரெகுலஸ் என்பது நாம் மகம் என்று சொல்லும் நட்சத்திரம். இலத்தீனில் அதற்குச் சிற்றரசன் என்று பொருள். மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார் என்று நம் கிழவிகளும் சொல்வார்கள். அது சிங்கராசியில், சிங்கத்தின் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால், சிங்கத்தின் இதயம் என்றே அதற்கு இன்னொரு பெயருண்டு. நூலில் ரெகுலஸ் பாம்பைச் சின்னமாகக் கொண்ட இல்லத்தைச் சேர்ந்தவன். கோழை என்று அண்ணனாலேயே எண்ணப்பட்டவன். கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட்டை வீழ்த்தவேண்டி, ஒரு குகைக்குள் அவன் வைத்திருந்த நஞ்சைத் தானே குடித்து, வீட்டு ஏவலனான கிரீச்சரை உயிரோடு திருப்பி அனுப்பிவிட்டுத் தான் நீருக்குள் இழுபட்டு இறந்தவன் என்பது ஏழாவது நூலில்தான் தெரியவருகிறது. பாம்பு இல்லத்துக்குள் ஒரு சிங்கத்தின் இதயம் இருந்ததை அவன் பெயர் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தது மெரோப்பி. வோல்டமோர்ட்டின் தாய். கார்த்திகைக் கூட்டத்தைக் கிரேக்கர் ஏழு சகோதரிகள் என்று கொண்டனர். அவர்களுள் மற்ற அறுவரும் தேவர்களோடு சேர, மெரோப்பி மட்டும் இறக்கும் மனிதன் ஒருவனை மணந்தாள். அதனால் அவள் ஒளி மங்கியது என்பது கதை. நூலில் வரும் மெரோப்பி, மந்திரக் குலத்தில் பிறந்து மந்திரமறியாத ஒருவனை மணந்து, கைவிடப்பட்டு, இலண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் பிள்ளையைப் பெற்று, ஒரு மணிநேரத்துக்குள் இறந்துபோகிறாள். சரவணப் பொய்கையில் கிடந்த ஒரு குழந்தைக்கு ஆறு கார்த்திகைப் பெண்களும் தாயானார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். விளக்கீட்டன்று வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றும்போது அந்த அறுவரையும் நினைப்பதுண்டு. இங்கே ஒருத்தி வருகிறாள், பால் கொடுக்கவும் அவளுக்கு நேரமில்லை. இறக்குமுன் அவள் செய்தது ஒன்றுதான்: பிள்ளைக்குப் பெயர் வைத்தாள். தகப்பனின் பெயரான டொம், தன் தந்தையின் பெயரான மார்வோலோ, ரிடில் என்ற குடும்பப் பெயர்.

அந்தப் பெயரைத்தான் அவன் வெறுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்து, வேறு வரிசையில் அடுக்கி, வோல்டமோர்ட் ஆக்கிக்கொண்டான். ஒவ்வொரு உயிர்மெய்யும் தனி எழுத்தாக நிற்கும் தமிழில் அந்தப் பெயரை எழுதினால் இந்த எழுத்து மாற்றம் நடக்காது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் இதற்காகவே நடுப்பெயரை எல்விஸ் என்று மாற்ற வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் வாசிக்கும் பிள்ளைக்குத் தெரியாமற்போகும் இன்னொன்றும் உண்டு: வோல்டமோர்ட் என்பதில் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் மரணத்தின் பறத்தல் என்றும் மரணத்தின் களவு என்றும் இருவிதமாகப் பொருள்படும்.

ஒரு பெயரின் பொருள் என்ன என்பதோடு, அதை யார் வைத்தார் என்பதையும் இந்த நூல்கள் கேட்கின்றன என்று நினைக்கிறேன். உங்கள் வாசிப்பில் என்ன தோன்றியது என்று அறிய விரும்புகிறேன்.

பாலியாறு எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து என் பங்கு. ஐந்தாவது நூலில் வரும் கொடிய ஆசிரியை டொலோரஸ் அம்ப்ரிஜ் என்ற பெயரை நான் முதலில் வாசித்தபோதே எனக்குள் ஏதோ உறுத்தியது. டொலோரஸ் என்பது ஸ்பானிய மொழியில் துயரங்கள் எனப் பொருள்படும் பெயர். நாம் வியாகுல மாதா என்று அழைக்கும் தாயின் பெயரிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் வியாகுலம் என்று ஆண்களுக்குப் பெயர் வைப்பார்கள். என் தாத்தாவின் தம்பிக்கும் அதே பெயர். ஏழு வாள்கள் நெஞ்சில் பாய்ந்த தாயின் படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்தி வளர்ந்தவனுக்கு, துயரத்தைத் தாங்கியவளின் பெயரைத் துயரம் கொடுப்பவளுக்கு வைத்திருப்பது எளிதில் விழுங்கக்கூடியதாக இருக்கவில்லை.

அவள் ஹரிக்குத் தண்டனை கொடுக்கும் காட்சியை மீண்டும் வாசித்தேன். மையில்லாத எழுதுகோல். பையன் தாளில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அவன் புறங்கையைக் கீறி, அவன் இரத்தத்தாலேயே தாளில் சிவப்பாக விழுகிறது. அவள் இளஞ்சிவப்பு உடுப்போடு, இனிமையான குரலில், செய்தி உள்ளே இறங்கும்வரை எழுதச் சொல்கிறாள். துயரங்கள் என்று பெயர் கொண்டவளுக்கு ஒரு துயரமும் தெரியவில்லை. லூப்பினின் பெயர் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இவளுடைய பெயர் இவளைக் குற்றஞ்சாட்டுகிறது. இரண்டாவது வகைதான் எனக்குப் பெரிய எழுத்தாகப் படுகிறது.

புதூர்ப்பொங்கல் எழுதியது:

வணக்கம் அக்கா. இந்த ஏழு நூல்களிலும் அகராதியே இல்லாமல் எனக்கு விளங்கிய பெயர் நாகினி ஒன்றுதான். விளங்கியதால்தான் மனம் நொந்தது. வவுனியா வடக்கில், புதூர் நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு ஆண்டுதோறும் நடந்து போகும் வீட்டில் பிறந்தவன் நான். வளவுக்குள் நாகம் வந்தால் அடிக்கக் கூடாது, மஞ்சள் தண்ணீர் தெளித்து வழிவிட வேண்டும் என்று எங்கள் அப்பாச்சி சொல்லுவார். அந்தப் பெயர் வோல்டமோர்ட்டின் தோளில் சுற்றிக் கிடக்கும் கொலைப் பாம்புக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டீல் என்ற குடும்பப் பெயருடைய சகோதரிகள் இருவருக்கும் பார்வதி, பத்மா என்று பெயர். ஒன்று உமையவள், மற்றது திருமகள். இலத்தீன் பெயர் ஒவ்வொன்றிலும் மூன்று படி இறங்கிப் பொருள் வைத்த ஆசிரியர், நம் பெயர்கள் வந்த இடத்தில் படியே வைக்கவில்லை. பார்வதி என்ற பெயருடைய பெண் நடனமாட ஒரு துணையாக வருகிறாள், சோதிட வகுப்பில் வியக்கிறாள், அவ்வளவுதான். தவமிருந்து தன் விருப்பத்தைப் பெற்றவளின் பெயர் அது. எனக்கு இந்த நூல்கள் உயிர் என்றபடியால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நொச்சிவேலி எழுதியது:

பிள்ளைகளுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இந்த நூல்களைப் பேரப்பிள்ளைகள் தந்துதான் வாசித்தேன். நீங்கள் விண்மீன்களைப் பார்த்தீர்கள். நான் பூக்களைப் பார்த்தேன்.

பூவின் பெயரால் ஓர் ஒழுக்கத்தைச் சுட்டுவது நமக்குப் புதியதன்று. முல்லை என்றால் ஒரு பூ, அப்பூ பூக்கும் நிலம், அந்நிலத்தில் கணவன் வரவுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் மனம், மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். போருக்கும் அப்படியே: பகைவர் மதிலை வளைப்பவர் உழிஞை சூடுவர், மதிலுக்குள் நின்று காப்பவர் நொச்சி சூடுவர். என் வேலியில் நிற்கும் நொச்சியிலிருந்து நேற்றும் ஒரு கொத்து முறித்து, காய்ச்சலாய்க் கிடந்த பேரனுக்கு ஆவி பிடிக்கக் கொடுத்தேன். நீலமும் ஊதாவும் கலந்த மிகச் சிறிய பூ, கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும். மகளிர் உடலில் அணியும் அந்தப் பூவே ஊரை விட்டுக்கொடாமல் மதில் காக்கும் வீரனின் தலையிலும் இருக்கும் உரிமை உடையது என்று ஒரு சங்கப் பாடல் அதை முன்னிறுத்திப் பாடுகிறது. நம் கிளிநொச்சியின் பெயரிலேயே அது இருக்கிறது. ஏழாவது நூலின் இறுதியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கோட்டைக்குள் நின்று மதில் காக்கும் அத்தியாயங்களை நான் நொச்சித் திணை என்றே வாசித்தேன்.

இதை மனத்தில் வைத்து ஹரியைச் சுற்றியுள்ள பெண்களின் பெயர்களைப் பாருங்கள். தாய் லில்லி. தாயின் தமக்கை பெற்றூனியா. பகைவன் வீட்டுப் பெண் நார்சிசா. பிளாக் குடும்பத்தில் அவளுடைய தமக்கையர் இருவரும் வானத்துப் பெயர் பெற்றிருக்க, அவளுக்கு மட்டும் பூவின் பெயர். லில்லி தன் உயிரைக் கொடுத்து அவனைக் காத்தாள். பெற்றூனியா, அன்பில்லாமலும் முகங்கொடுக்காமலும்தான் என்றாலும், அவனுக்குத் தன் வீட்டில் இடங்கொடுத்தாள். அந்த இரத்த உறவின் காவல் அவனுக்குப் பதினேழு வயதாகும்வரை நின்றது. நார்சிசா என்ற பெயரோ நீரில் தன் உருவையே பார்த்து மயங்கியவனின் பெயர். காட்டில் ஹரி கீழே கிடக்கும்போது அவள் குனிகிறாள். அவன் நெஞ்சில் கை வைத்து, உயிர் இருப்பதை உணர்ந்து, தன் மகன் கோட்டைக்குள் உயிரோடிருக்கிறானா என்று மூச்சுக்குள் கேட்கிறாள். இருக்கிறான் என்று அவன் சொன்னதும், எழுந்து, இவன் இறந்துவிட்டான் என்று வோல்டமோர்ட்டிடம் பொய் சொல்கிறாள். தன்னை மட்டும் பார்த்தவனின் பெயர் கொண்டவள், குனிந்து பார்த்தபோது தன் பிள்ளையைத்தான் பார்த்தாள். மூன்று பூக்களும் ஒரு பிள்ளையைக் காத்தன.

புதூர்ப்பொங்கல் எழுதியது:

ஐயா, பன்சியும் ஒரு பூவின் பெயர்தானே. போருக்கு முன் மண்டபத்தில் எழுந்து நின்று, ஹரி அதோ இருக்கிறான், பிடியுங்கள் என்று கத்தியவள் அவள்தான்.

நொச்சிவேலி எழுதியது:

சரியாகச் சொன்னீர் தம்பி. நான் சொன்னது மிகைப்பட்டுவிட்டது. பூப்பெயர் உடைய எல்லோருக்கும் அது பொருந்தாது. என் கூற்றைத் தாய்மார் மூவரோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த அளவில் அது நிற்கும் என்று இன்னும் நம்புகிறேன்.

கரைவலை எழுதியது:

குளக்கட்டு அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் வைக்கப்பட்ட பெயர்களைப் பற்றி எழுதினீர்கள். சொல்லப்படாத பெயர்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பெயரைச் சொல்ல அஞ்சினால் பெயருக்குரியதன் மேலுள்ள அச்சமும் வளரும் என்று முதல் நூலிலேயே பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹரிக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இரவில் பாம்பு என்று சொல்லாதே, பூச்சி என்று சொல் என்று வளர்க்கப்பட்டவள் நான். கொப்பளிப்பான் வந்தால் எங்கள் வீட்டில் அதற்கு அம்மாள் வருத்தம் என்றுதான் பெயர். ஆகவே அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏழாவது நூலில் நிலைமை தலைகீழாகிறது. வோல்டமோர்ட் என்ற பெயரின் மேல் ஒரு மந்திரத்தடை போடப்படுகிறது. அதைச் சொன்னவரின் காவல்கள் உடைந்து, இருக்குமிடம் தெரிந்துவிடும். அஞ்சாமல் பெயர் சொல்லிப் பழகியவர்களே அகப்படுகிறார்கள். சில சொற்களைத் தொலைபேசியில் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கதைத்த ஒரு காலத்தை நாங்கள் அறிவோம். இந்தப் பகுதியை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே நூலில் மறைவாக நடக்கும் வானொலியில் லூப்பின் தன் பெயரை மறைத்து ரொமுலஸ் என்ற பெயரில் பேசுகிறார். இரட்டையரில் மற்றவனின் பெயர் அது. கதைப்படி ரீமஸைக் கொன்றவன். தன்னைக் கொன்றவனின் பெயரைச் சூடிக்கொண்டு அவர் பேசுவதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவேயில்லை. வீட்டில் ஒரு பெயரும் வெளியில் ஒரு பெயருமாக வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அண்ணாவும் அப்படித்தான்.

2009-க்குப் பிறகு எங்கள் வீட்டில் அண்ணாவின் இரண்டு பெயர்களையும் யாரும் சொல்வதில்லை. அம்மா மூத்தவன் என்று மட்டும் சொல்லுவார். அச்சத்தால் அன்று. அதனால்தான் டம்பிள்டோரின் தங்கை அரியானாவின் கதை வந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டேன். எதிரியின் பெயரைத் தயங்காமல் சொல்லவேண்டும் என்று கற்பித்த மனிதர், இறந்துபோன தங்கையின் பெயரை ஆறு ஆண்டுகளில் ஹரியிடம் ஒருமுறையும் சொன்னதில்லை. அது அவருடைய கபடம் என்று ஹரி கோபிக்கிறான். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைப் பல தடவை வாசித்தேன். அரியானாவை அந்த இடத்தில் வைத்து நான் பார்த்ததேயில்லை. இனி அப்படித்தான் பார்ப்பேன்.

பெயர் சொல்லுதல் பற்றி நீங்கள் எழுதியது என்னை ஏழாவது நூலின் இறுதிப் போருக்கு இட்டுச் சென்றது. எல்லோரும் வோல்டமோர்ட்டை அஞ்சி அழைக்கும்போது, டம்பிள்டோர் மட்டும் நேரில் அவனை டொம் என்றே அழைக்கிறார். இறுதியில், ஊரே பார்த்திருக்க, ஹரியும் டொம் ரிடில் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். அடுத்து அவன் இறக்கும் இடத்தை ஒவ்வொரு வாக்கியமாக வாசித்துப் பாருங்கள். கைகள் விரிய, சிவந்த கண்கள் மேலே செருகப் பின்னோக்கிச் சரிபவனை ஆசிரியர் வோல்டமோர்ட் என்று எழுதுகிறார். அடுத்த வாக்கியத்தில் நிலத்தில் விழுபவன் டொம் ரிடில். சரிவதற்கும் விழுவதற்கும் இடைப்பட்ட அந்தக் கணத்தில் அவன் தானாகச் சூடிய பெயர் கழன்று, மெரோப்பி வைத்த பெயர் திரும்பி வருகிறது.

நொச்சிவேலி எழுதியது:

பிள்ளை, அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஆனால் சற்றுக் கீழே, அவன் இறந்துவிட்டான் என்று சொல்லும்போதும், உடலை வேறோர் அறையில் கிடத்தும்போதும் மீண்டும் வோல்டமோர்ட் என்ற பெயரே வருகிறது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

குளக்கட்டு எழுதியது:

எடுக்கத்தான் வேண்டும் ஐயா. அந்தப் பெயர் அவனுக்குத் திரும்பியது ஒரேயொரு வாக்கியத்துக்கு மட்டும்தான் என்று திருத்திக்கொள்கிறேன். ஊர் அவனை அஞ்சிய பெயராலேயே தூக்கிச் சென்று கிடத்தியது. அந்த ஒரு வாக்கியம் இன்னும் பெரிதாகவே எனக்குத் தெரிகிறது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அம்மா தேடி எடுத்து வைத்த தூய தமிழ்ப் பெயர். இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்து, மீள்குடியேறிய பின் பிரதி எடுத்தபோது, ஓர் அலுவலகத்தில் அந்த ழகரத்தை ளகரமாக எழுதிவிட்டார்கள். பெயருக்குப் பொருளே இல்லாமற் போயிற்று. ஓர் எழுத்துத்தானே, விடுங்கள் என்று நானே சொன்னேன். அம்மா விடவில்லை. வெயிலில் பேருந்துக்குக் காத்து நின்று மூன்று தடவை போய்வந்தார். மூன்றாம் தடவை திருத்திய தாளோடு வந்தவர், செருப்பைக் கழற்றுமுன்னமே விறாந்தையில் நின்றபடி, விரலை அந்த எழுத்தின்மேல் வைத்து எனக்குக் காட்டினார். வீடும் தோட்டமும் நகையும் போனபின் அவர் எனக்குக் கொடுத்தவற்றில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

டொம் ரிடிலின் பிழையும் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தன்னைக் கைவிட்ட, மந்திரமறியாத தகப்பனின் பெயர் என்று மட்டுமே அவன் அதைக் கண்டான், அதனால் வெறுத்தான். டொம் என்ற பெயருடையவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சிறுவயதிலேயே முகம் சுளித்தான். அதைத் தன் தாய், இறக்கும் தறுவாயில், தன் வாயால் சொல்லி வைத்தாள் என்ற பக்கத்தை அவன் திருப்பிப் பார்க்கவேயில்லை. அநாதை இல்லத்துப் பொறுப்பாளரான திருமதி கோல் அதை டம்பிள்டோரிடம் சொல்கிறார். டம்பிள்டோர் அதை ஹரிக்குக் காட்டுகிறார். அநாதை இல்லத்தில் டொமுக்கும் அதைச் சொல்லியிருந்தார்கள், இரண்டாவது நூலில் அவன் வாயாலேயே அது வருகிறது.

நேற்றுப் பின்னேரம் அம்மா முற்றத்தில் இருந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். மெரோப்பி பெயர் வைத்துவிட்டுக் கண் மூடியதையும், பிள்ளை வளர்ந்து அந்தப் பெயரை எறிந்ததையும் கேட்டவர், ஈர்க்கை ஒதுக்கி வைத்துவிட்டு, "தாய்தான் வச்சவ எண்டு அவனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும், சொல்லியிருந்தார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப தெரிஞ்சுமோ எறிஞ்சவன்?" என்றார்.